லாக் புக்கில் எழுதாத ஐந்து லிட்டர்

எங்கள் சாயப்பட்டறையில் காலை ஆறு மணிக்கு வெல்லம் மணக்கும். வந்த புதிதில் உள்ளே எங்கேயோ பொங்கல் வைக்கிறார்கள் என்று நினைத்து, இன்றைக்கு என்ன விசேஷம் என்று கூட வேலை பார்த்தவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒரு பெரிய தொட்டியைக் காட்டினார். காப்பி நிறத்தில் தண்ணீர், கொதிக்கிற மாதிரி குமிழி விட்டுக்கொண்டிருந்தது. கொதிக்கவில்லை, அடியில் குழாய் போட்டுக் காற்று ஊதுகிறார்கள். ஒருத்தர் வாளியில் வெல்லத்தைக் கரைத்து அதற்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டேன். "பாக்டீரியாவுக்குங்க" என்றார், வீட்டு நாய்க்கு என்று சொல்வது போல.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். நீங்கள் போட்டிருக்கும் பனியன் கறுப்போ நீலமோ ஆவதற்கு முன்னால் உப்பும் சாயமும் கலந்த தண்ணீரில் ஊறுகிறது. அந்தத் தண்ணீரை ஆற்றில் விடக் கூடாது. சுத்தம் பண்ணித் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு பங்கு வேலையை மிஷின் செய்யாது, அந்தத் தொட்டியில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் செய்யும். அவை அழுக்கைத் தின்னும். அழுக்கு மட்டும் தின்றால் தெம்பு போதாது என்று வெல்லம், சாணி, யூரியா கொடுப்போம். பயோ டேங்க் என்று பெயர். பிற்பாடு அந்த வாளி என் கைக்கு வந்தது. பதினோரு வருஷம் நான்தான் கரைத்தேன். என் மனைவி ஸ்டெல்லா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். நான் டூட்டி முடிந்து வேலம்பாளையத்து லைன் வீட்டுக்குள் நுழையும்போதே, "உங்க பிள்ளைகளுக்கு ஊட்டியாச்சா?" என்று கேட்பாள். அவள் கேலிக்குத்தான் கேட்டாள். நான் ஒவ்வொரு நாளும் ஆச்சு என்று பதில் சொன்னேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரத்தில் உப்பளக் கூலிக் குடும்பம். திருப்பூருக்கு வந்து மூட்டை ஏற்றினேன், துணி அலசினேன், கடைசியில் இந்தத் தொட்டிக்கு வந்தேன். தொட்டிக்கு என்னை எடுத்ததற்குப் படிப்பு காரணமில்லை, பயம்தான் காரணம். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். பஸ் ஏறிய பிறகு இறங்கி வந்து நாலாவது தடவை பார்த்ததும் உண்டு. காற்று ஊதுகிற மோட்டார் சூடாகிறதா, தண்ணீர் கலங்குகிறதா, நுரை வெள்ளையா பழுப்பா என்று சும்மா சும்மா போய்ப் பார்ப்பேன். பார்த்ததையெல்லாம் லாக் புக்கில் எழுதுவேன். மற்றவர்கள் 'சரி' என்று ஒரு வார்த்தை எழுதுகிற இடத்தில் நான் நாலு வரி எழுதுவேன். மேனேஜர் கந்தசாமி சாருக்கு அது பிடித்துப்போய்விட்டது. இப்போதெல்லாம் இந்த வேலைக்கு டிப்ளமோ கேட்கிறார்கள். இந்த இடத்தை விட்டால் எனக்கு வேறு தொட்டி கிடையாது. இது எனக்குத் தினமும் ஞாபகத்தில் இருந்தது.

கந்தசாமி சாரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தத் திருப்பூர் ராயபுரத்துக்காரர், நல்ல மனிதர். ஆனால் அவருக்குக் கோபம் வந்திருக்கிறதா இல்லையா என்று பதினாலு வருஷமாக எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் பக்கம் கோபம் வந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும், சாயங்காலம் அது முடிந்தும் போகும். இங்கே கோபத்துக்கும் 'ங்க' போடுகிறார்கள். ஒரு தடவை தொட்டித் தண்ணீரை அளக்கிற கண்ணாடி ஜாடியைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன். "பரவால்லீங்க, கண்ணாடின்னா ஒடையறதுதானுங்களே" என்றார். நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். ஒரு வாரம் அவர் என் முகத்தைப் பார்க்காமலேயே பேசியதை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து அவர் அன்பாக ஏதாவது சொன்னால், இன்றைக்கு எதை உடைத்தேன் என்று யோசிப்பேன்.

போன வருஷம் கிருத்திகா என்று ஒரு பெண் கோயம்புத்தூரிலிருந்து வர ஆரம்பித்தது. ஆராய்ச்சி மாணவி. சொந்த ஊர் கணியூர், கரும்புக் காட்டுக் குடும்பம். முதல் நாளே என் வெல்லத்தை ஒரு துணுக்கு கிள்ளி வாயில் போட்டுப் பார்த்து, இதைவிட நல்ல வெல்லம் எங்க ஊட்டுல மாட்டுக்கு வெக்கறமுங்ணா என்றது. தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பிகளில் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போகும். எதற்கு என்று கேட்டதற்கு அது சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். வழக்கமாக இந்தத் தண்ணீரை மொத்தமாக அரைத்து, அதில் இருக்கிற எல்லா உயிர்களின் டிஎன்ஏ எழுத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் படிப்பார்களாம். ஒரு பஸ் நிறைய ஆட்களின் சட்டைப்பைகளை ஒரே சாக்கில் கொட்டின மாதிரி. என்னென்ன சாமான் இருந்தது என்று தெரியும், எது யாருடையது என்று தெரியாது. இந்தப் பெண்ணின் வேலை வேறு. ஒரு மிஷின் அந்தத் தண்ணீரைப் பொட்டுப் பொட்டாகப் பிரித்து, ஒரு தட்டிலுள்ள ஒவ்வொரு குழியிலும் ஒரே ஒரு உயிரை மட்டும் விடுகிறது. அதை உடைத்து உள்ளே இருக்கிற டிஎன்ஏ நூலைப் பல லட்சம் நகல் எடுத்து, அப்புறம் படிக்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத ஒன்றை, அதிலும் ஒற்றை ஆளாக.

இந்த நகல் எடுக்கிற விஷயத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. கையில் ஒட்டிய தூசியோ, பேசும்போது தெறிக்கிற எச்சிலோ குழியில் விழுந்தால் அதுவும் பல லட்சமாகிவிடும். அதனால் அந்தப் பெண் குப்பியைத் தொடும் முன் கையுறையை மாற்றும், துடைக்கும், திரும்பவும் மாற்றும். நான் பூட்டை இழுத்துப் பார்க்கிற மாதிரியே. என்னை ஒரு ஆளும் அப்படிப் புரிந்துகொண்டதில்லை. தான் வராத நாட்களில் என்னையே தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லிக் கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை. தொட்டிக்குள் என்ன போனாலும், சாணி ஒரு கை கூடினாலும், லாக் புக்கில் ஏற வேண்டும். கந்தசாமி சாரும் சேர்ந்துகொண்டு, போர்டில் எழுதியிருக்கிற சாமான் தவிர வேறு ஒன்றும் தொட்டிக்குள் போகக் கூடாது என்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தோணி இருக்கறப்ப எனக்குக் கவலை இல்லீங்க, என்றும் சொன்னார்.

மார்கழியில் தொட்டிக்கு நோவு வந்தது. அடர்த்தியான கலர் ஆர்டர் அதிகம். கறுப்புக்கும் நேவி ப்ளூவுக்கும் உப்பு நிறையப் போட வேண்டும். போதாததற்கு எங்கேயோ ஒரு வால்வு சரியாக மூடாமல், சுத்தம் பண்ணினபின் மிஞ்சுகிற கடைசி உப்புத் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்கே திரும்ப வந்திருக்கிறது. அது பிறகுதான் தெரிந்தது. ஜாடியில் தண்ணீர் பிடித்து அரை மணி நேரம் வைத்தால் அடியில் பழுப்பாகப் படிந்து மேலே தெளிய வேண்டும். தெளியவில்லை. கஞ்சித் தண்ணீர் மாதிரியே நின்றது. வெள்ளை நுரை தொட்டி விளிம்பைத் தாண்டி நடைபாதையில் வழிந்தது. உப்புத் தாங்காமல் சாகிறதுங்க, என்றார் கந்தசாமி சார். தை மாதத்துக்குள் சரியாகவில்லை என்றால் வெளியிலிருந்து படித்த ஆபரேட்டர் ஒருத்தரைப் போட்டுப் பார்க்கலாம் என்று முதலாளி சொன்னதாகவும் சொன்னார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனேன். எங்கள் அக்கா இன்னும் உப்பளத்தில்தான் வேலை பார்க்கிறாள். அவளுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். பாத்தித் தண்ணீர் ரோஸ் நிறத்தில் கிடந்தது. அந்த நிறம் வந்தால் உப்பு இறங்கப்போகிறது என்று எங்கள் ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும். அது ஏன் ரோஸ் என்று நான் நாற்பது வருஷம் யோசித்ததில்லை. கிருத்திகாதான் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னது, அதுவும் உயிர்கள்தானாம், உப்பிலேயே பிறந்து உப்பிலேயே கிடப்பவை. அங்கே தொட்டியில் உப்புத் தாங்காமல் சாகிறார்கள். இங்கே உப்பைத் தவிர ஒன்றும் தெரியாதவர்கள் சும்மா கிடக்கிறார்கள். எனக்கு யோசனை வந்தால் அது யோசனையாக நிற்காது, பயமாக மாறி உந்தும். குடிதண்ணீர் கேன் ஒன்றைக் காலி பண்ணி, பாத்தியில் கொஞ்சமும், கடல் தண்ணீர் முதலில் வந்து தங்குகிற வாய்க்காலில் மீதியுமாகச் சேறும் தண்ணீரும் அள்ளி நிரப்பினேன். அக்கா வரப்பிலிருந்தபடியே பார்த்தாள்.

"ஏல, திருப்பூர்ல சேறுமா கிடைக்கல?" என்றாள்.

பஸ்ஸில் அதைக் காலுக்கிடையில் வைத்து வந்தேன். மூடி சரியில்லை. மதுரை தாண்டும்போது ஒழுக ஆரம்பித்து, கண்டக்டர் வந்து கருவாடா என்று கேட்டார். மருந்து என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. லீவு முடிந்த அன்று காலை ஆறே கால் மணிக்கு, வெல்லத்தை ஊற்றின கையோடு கேனையும் தொட்டிக்குள் கவிழ்த்தேன். கேனைக் கழுவி அடுக்கினேன். லாக் புக்கைத் திறந்தேன். வெல்லம் இவ்வளவு, சாணி இவ்வளவு, நுரை வெள்ளை, மோட்டார் சூடு இல்லை என்று எழுதினேன். அடுத்த வரிக்குப் பேனாவைக் கொண்டுபோய், மூடி வைத்துவிட்டேன். எழுதினால் வேலை போகும். பதினோரு வருஷத்தில் நான் எழுதாமல் விட்டது அந்த ஒரு வரிதான்.

தொட்டி தேறியது. அதே வாரத்தில் ஒழுகிய வால்வையும் கண்டுபிடித்து மாற்றினார்கள். ஆகவே எதனால் தேறியது என்று என்னால் சொல்ல முடியாது. வால்வால்தான் என்று கந்தசாமி சார் சொன்னார், நானும் ஆமாங்க என்றேன். ஜாடியில் பழுப்பு நன்றாகப் படிந்தது. மாசியில் கிருத்திகா வந்து குப்பிகளில் பிடித்துக்கொண்டு போனது. அப்புறம் வெயில் காலம் முழுக்க அந்தப் பெண்ணைக் காணோம்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம் ஓட்டமும் நடையுமாக வந்தது. மாசியில் பிடித்த தண்ணீரில், பிரித்தெடுத்த நூற்றுக்கணக்கான உயிர்களில், ஒன்றே ஒன்று இந்தப் பக்கத்து ஆள் இல்லையாம். கடலோர உப்பு நிலத்தில் இருக்கிற வகைக்குச் சொந்தமாம். கடலே இல்லாத ஊரில் அது எப்படி வந்தது? அந்தப் பெண்ணுக்குப் பதிலும் தயாராக இருந்தது. சாயத்துக்குப் போடுகிற உப்பு மூட்டை எங்கள் பக்கத்திலிருந்துதானே வருகிறது. மூட்டையில் ஒட்டிக்கொண்டு வந்து, இங்கே குடியேறியிருக்கிறது. அதைப் பற்றி அந்தப் பெண் இரண்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறதாம். அடுத்த மாதம் எங்கள் ஊருக்கே போய் உப்பளம் உப்பளமாக, குடோன் குடோனாக மாதிரி எடுக்கப்போகிறது. நான் கூட வந்து வழி காட்ட வேண்டும். "உங்க ஊரு ஆளுங்ணா அது" என்று சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் போய் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன்.

அதற்கப்புறம் பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டெல்லா சர்க்கரை இருக்கிறதா என்று டெஸ்ட் பண்ணக் கூட்டிக்கொண்டு போனாள். ஒன்றும் இல்லை என்று வந்தது. இந்தப் பெண் எங்கள் அக்கா உப்பு வாருகிற அதே வரப்பில் வெயிலில் உட்கார்ந்து குப்பி குப்பியாகப் பிடிப்பது என் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அங்கே அது தேடுவது கிடைக்கவும் கிடைக்கும். கிடைத்துவிட்டால் மூட்டையில்தான் வந்தது என்று ஆகிவிடும். நடக்காத ஒன்று அச்சில் ஏறும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், என் தொட்டி எனக்கு. கையில் ஒட்டிய தூசி பல லட்சமாகும் என்று சொன்னேன் அல்லவா, இந்த இடத்தில் அந்தத் தூசி நான்தான்.

பதினோராம் நாள் அந்தப் பெண் தொட்டியோரம் குத்தவைத்துக் குப்பிக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

"மேடம், மூட்டையைத் தேடி நீங்க எங்க ஊருக்குப் போக வேண்டாம். அது மூட்டையில வரல. நான் கொண்டாந்தேன்."

பேனா நின்றது. எதிலே என்று கேட்டது. கேனில் என்றேன். அப்புறம் அது கேட்டதெல்லாம் ஒரு டாக்டர் கேட்கிற மாதிரிதான் இருந்தது. எந்தத் தேதி, எத்தனை மணி, பாத்தித் தண்ணியா வாய்க்கால் தண்ணியா, எவ்வளவு. அஞ்சு லிட்டர் கேன், பஸ்ஸில் ஒழுகினது போக, என்றேன். ஒழுகினது எவ்வளவுங்ணா என்று கேட்டது. கண்டக்டர் செருப்பு நனையிற அளவு என்றேன். அது சிரிக்கவில்லை. ரோஸ் தண்ணீரில் இருப்பவை இங்கே வந்ததும் வெடித்துச் செத்திருக்கும், வாய்க்கால் சேற்றில் இருந்த ஏதோ ஒன்றுதான் தாக்குப்பிடித்திருக்கும் என்று தனக்குள்ளேயே பேசுகிற மாதிரிச் சொன்னது. இரண்டு மாத எழுத்து போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் திட்டுக்குக் காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"லாக் புக்ல ஏத்திருங்ணா" என்றது எழுந்து நின்று. "நான் போய்ச் சொன்னா அது நான் சொன்னது. நீங்க எழுதுனாத்தான் அது நடந்தது."

எழுதினேன். தை மாதத்துப் பக்கத்தைத் திருப்பி, அந்த நாளில் காலியாக விட்டிருந்த வரியில், உப்பளத்துச் சேறும் தண்ணீரும், ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, யாரையும் கேட்காமல் ஊற்றியது என்று எழுதி, எழுதுகிற நாளின் தேதியைப் பக்கத்தில் போட்டுக் கையெழுத்து வைத்தேன். புத்தகத்தை நானே கொண்டுபோய்க் கந்தசாமி சார் மேஜையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன்.

"கையெழுத்து நல்லா இருக்குதுங்க உங்களுக்கு" என்றார்.

டீ குடிச்சீங்களா என்று கேட்டார். குடித்தேன் என்றேன். வீட்டுப் பிள்ளைகள் எந்த வகுப்பு என்று கேட்டார். அதையும் சொன்னேன். புத்தகத்தை மூடினார்.

"திங்கக்கெழமையிலிருந்து நீங்க எவாப்பரேட்டர் பக்கம் போயிருங்க, அந்தோணி. அங்க பூராம் உப்புத்தானுங்க. உங்களுக்குப் பழக்கந்தானே."

மிஞ்சின தண்ணீரைக் காய்ச்சுகிற இடம் அது. அங்கே போட்டது தண்டனையா, வேலையை விட்டு அனுப்பாமல் காப்பாற்றினதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஸ்டெல்லா காப்பாற்றினதுதான் என்கிறாள். தொட்டிக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஆள் ஒருத்தரைப் போட்டார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். வெல்லத்தை மட்டும் கட்டி கரையாமலேயே ஊற்றுகிறார். இரண்டு தடவை சைகையில் கரைத்துக் காட்டினேன். நான் பாயசம் கேட்கிறேன் என்று நினைத்து மூன்றாம் நாள் ஒரு தூக்குவாளியில் நிஜமாகவே பாயசம் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினேன்.

போன வாரம் கிருத்திகா எவாப்பரேட்டர் பக்கம் என்னைத் தேடி வந்தது. மார்கழியிலும் அதற்கு முன்னாலும் பிடித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த பழைய குப்பிகளை எடுத்துப் பிரித்துப் பார்த்திருக்கிறது. அந்தக் கடலோரத்து ஆள் ஒருத்தர்கூட இல்லை. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாதுங்ணா, நான் புடிச்சதுல இல்லை, அவ்வளவுதான், என்றது. அந்த ஒற்றை உயிரின் எழுத்தும் முழுசாகக் கிடைக்கவில்லையாம். நகல் எடுக்கும்போது நிறைய விட்டுப்போகும், பாதிக்கும் குறைவாகத்தான் படிக்க முடிந்தது. ஆனால் படித்ததில் ஒரு துண்டு கடலோரத்துடையது இல்லை. சாயத்தை வெட்டுகிற வித்தை எழுதியிருக்கிற துண்டு. இந்தத் தொட்டியில் பழைய ஆட்கள் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்கிற அதே துண்டு. நான் ஊற்றின நாளுக்கும் மாசியில் குப்பியில் பிடித்த நாளுக்கும் நடுவில் அது யாரிடமிருந்தோ வாங்கியிருக்கிறது. மொத்தமாக அரைத்திருந்தால் கடல் துண்டு தனியாக, சாயத் துண்டு தனியாகத் தெரிந்திருக்கும், இரண்டும் ஒரே உடம்புக்குள் இருந்தது தெரிந்திருக்காது. தேதி தெரிந்ததால்தான் இதைச் சொல்ல முடிகிறது என்றும் சொன்னது. இப்போது அதைத்தான் எழுதுகிறதாம். எங்கள் ஊர் ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டேன். படிக்கறதுக்கு ஒடைச்சுட்டமேங்ணா என்றது. தொட்டியில் அதன் கூட்டம் இன்னும் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், பார்க்க வேண்டும் என்றது.

இப்போது என் வேலை இது. சுத்தம் பண்ணிப் பண்ணிக் கடைசியில் மிஞ்சுகிற தண்ணீரைக் காய்ச்சி வற்ற வைத்தால் உப்பு இறங்கும். வெள்ளையாக இருக்காது, பழுப்பும் கறுப்பும் கலந்த நிறம். அதை மரப்பலகையால் இழுத்து வாரிக் குவிக்க வேண்டும். என் அப்பா இழுத்த மாதிரியேதான் இழுக்கிறேன், முதுகு தானாகவே அப்படி வளைகிறது. சமையலுக்கும் சாயத்துக்கும் ஆகாத உப்பு. மண்ணில் கொட்டவும் விட மாட்டார்கள். மூட்டை கட்டி ஷெட்டுக்குள் அடுக்கி வைக்கிறோம். மூட்டைக்குப் புதுச் சாக்கு தருவதில்லை. சாயத்துக்கு உப்பு வந்த பழைய சாக்குகளையே உதறிக் கொடுக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துப் பெயர் நீல எழுத்தில் அச்சடித்த சாக்கு. வாயை விரித்துப் பிடித்து, பலகையால் தள்ளி நிரப்பி, ஊர்ப் பெயர் வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி வைத்துத் தைத்துவிட்டு, தையல் பிரிகிறதா என்று மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறேன். அப்புறம் எழுதுகிறேன், இன்றைக்கு இத்தனை மூட்டை.